வடம் பிடிக்கும் கைகள்

ஜனவரித் திங்கள் ஒன்பதாம் நாள். பிலிப்பைன் நாட்டின் தலைநகரமாம் மணிலாவில், அன்று பொழுது புலருமுன்பே வீதிகள் நிரம்பிவிடுகின்றன. சந்தையில் கூடை தூக்குபவன், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன், 'ஜீப்னி' வண்டி ஓட்டுபவன், நடைபாதையில் பழம் விற்பவள், கட்டட வேலைக்குக் கல்லும் மண்ணும் சுமப்பவள் - இப்படி இலட்சம் இலட்சமாக வந்து கூடுகின்றனர். காலிலே செருப்பில்லை. உடலிலே கருஞ்சிவப்புச் சட்டை. கையிலே ஒரு துண்டு. கூட்டத்தின் நடுவே ஊர்ந்து வருகிறது ஒரு தேர். அதன்மீது, சிலுவையின் பாரம் தாங்காமல் முழந்தாளிட்டுக் கிடக்கும் ஏசுநாதரின் சொரூபம். வெள்ளை நிறமல்ல அந்தச் சொரூபம், கருநிறம்! 'கருப்பு நசரேனர்' என்றே அதற்குப் பெயர்.

அந்தச் சொரூபம் 1606 ஆம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்தது. 1787 இல், கியாப்போ எனும் பகுதியிலுள்ள கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த இடமாற்றத்தின் நினைவாகத்தான் ஆண்டுதோறும் இந்த ஊர்வலம். தேர் கோயிலைச் சென்றடைய இருபது மணி நேரத்துக்கு மேல் பிடித்த ஆண்டுகளும் உண்டு. தேரிலிருந்து நீளும் தடித்த வடத்தை ஒரு கணமேனும் தோளில் தாங்கிவிட வேண்டும், கைத்துண்டைச் சொரூபத்தில் ஒற்றி எடுத்துவிட வேண்டும் என்ற துடிப்பிலே, மனிதர் தோள்மீது மனிதர் ஏறுகின்றனர். மயங்கி விழுவோர் பலர். உயிரையே இழந்தோரும் உண்டு. கொரோனா நோய் காரணமாக 2021 முதல் 2023 வரை ஊர்வலம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 இல் மீண்டும் தேர் புறப்பட்டபோது, கூட்டமும் குறையவில்லை, வேகமும் தணியவில்லை.

மரத்தால் செய்த உருவம் நோயைத் தீர்க்குமா, துண்டில் ஒட்டிய தூசு கடனை அடைக்குமா என்று கேட்கத் தோன்றும். கேட்கட்டும், கேள்வி கேட்கத்தானே அறிவு! ஆனால் தோழர்களே, அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால், பாதிக் காட்சியைத்தான் கண்டவர்களாவோம். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு அது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசும் மக்கள். புயலும் நிலநடுக்கமும் எரிமலையும் மாறி மாறி வந்து வதைக்கும் மண். அப்படிப்பட்ட இடத்திலே, ஒருவரையொருவர் பெயர்கூட அறியாத இலட்சக்கணக்கானவர்களை ஒரே வடத்திலே கை வைக்கச் செய்தது எது? தேரின் மேலே இருப்பதை மட்டும் பார்த்தால் அதற்கு விடை கிடைக்காது. வடத்தின் மறுமுனையிலே இருக்கும் கைகளைப் பார்க்க வேண்டும்.

பழைய ஏட்டைச் சற்றே புரட்டுவோம். 1521 ஆம் ஆண்டு, செபு தீவின் கரையிலே வந்திறங்கினான் மகல்லன் - ஸ்பெயின் மன்னனின் கொடியோடு. அவ்வூர் அரசன் ஹூமாபோனுக்கும் அரசிக்கும் ஞானஸ்நானம் நடந்தது. அரசிக்கு ஒரு பரிசு தந்தார்கள்: குழந்தை ஏசுவின் சிறிய சொரூபம். அடுத்த சில நாட்களிலேயே, பக்கத்துத் தீவான மக்தானை அடக்கப் போன மகல்லன், லாப்பு-லாப்பு என்னும் தலைவனின் வீரர்கள் கையிலே மாண்டான். வந்தவர்கள் ஓடினர். சொரூபம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

44 ஆண்டுகள் உருண்டன. 1565 இல் லெகாஸ்பி வந்தான். இம்முறை பீரங்கி பேசிற்று. செபு ஊர் தீப்பற்றி எரிந்தது. எரிந்த ஊரிலே ஒரு வீட்டில், பெட்டிக்குள்ளே, அதே குழந்தைச் சொரூபத்தைக் கண்டெடுத்தான் ஒரு சிப்பாய். அவ்வூரார் அதைப் போற்றி வைத்திருந்தார்கள். எவனோ கொண்டுவந்த தெய்வம். ஆனால் கொண்டுவந்தவன் இல்லாத காலத்திலேயே அதைத் தமதாக்கிக் கொண்டுவிட்டனர் அந்த மக்கள்! பிலிப்பைன் பக்தியின் கதை முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியிலே அடங்கிக் கிடக்கிறது. வந்தது ஆதிக்கக்காரன் கையால். வளர்ந்தது அடிமைப்பட்டவன் வீட்டில்.

ஆதிக்கம் சும்மா இருந்ததா? இல்லை. 'மணியோசை கேட்கும் எல்லைக்குள்ளே வாழ வேண்டும்' என்று மக்களை ஊர் ஊராகத் திரட்டிக் குடியமர்த்தினார்கள் பாதிரிமார்கள். இன்று நாம் வியந்து பார்க்கும் கற்கோயில்கள் எவர் முதுகின்மீது எழுந்தன? ஆண்டுக்கு நாற்பது நாள் கட்டாய உழைப்பு என்றொரு சட்டம் இருந்தது - 'போலோ' என்று பெயர். 16 வயது முதல் 60 வயதுவரை உள்ள ஆண்மகன்மீது அது சுமத்தப்பட்டது. மரம் வெட்டினான், கல் சுமந்தான், கப்பல் கட்டினான், கோயில் எழுப்பினான். ஆனால் அந்தக் கோயிலிலே பூசை செய்யும் உரிமையை அவன் மகன் கேட்டபோது, "நீ இந்தியோ" என்றார்கள். 'இந்தியோ' என்றால் அம்மண்ணின் மைந்தன். அவனுக்கு அதுவே இழிசொல்லாயிற்று!

ஒன்று மட்டும் ஆதிக்கக்காரன் எதிர்பாராதது. பாதிரிமார்கள் தங்கள் ஸ்பானிய மொழியை மக்கள் அனைவருக்கும் கற்றுத் தரவில்லை. மக்களின் மொழியைத் தாங்கள் கற்று, அதிலேயே போதித்தனர். 1593 இல் மணிலாவில் அச்சான ஞானோபதேச நூலிலே ஸ்பானியத்தோடு தகாலோக் மொழியும் இடம்பெற்றது. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, காஸ்பர் அக்கீனோ தெ பெலன் என்ற மண்ணின் மைந்தர், ஏசுவின் பாடுகளைத் தகாலோக் மொழியிலே காவியமாகப் பாடினார். 'பசியோன்' என்பது அந்தக் காவிய வகையின் பெயர். 1814 இல் இன்னொரு பசியோன் அச்சேறிற்று. அதுவே ஊரெங்கும் பரவிற்று. தவக்காலத்திலே அதை இரவு பகலாக, ஆள் மாற்றி ஆள் அமர்ந்து இராகத்தோடு ஓதுகிறார்கள். ஓதுவோருக்கு அந்த வீட்டுக்காரர் சோறும் கஞ்சியும் தருகிறார். அண்டை வீட்டார் வருகின்றனர். வழிப்போக்கரும் அமர்ந்து கேட்கின்றனர். எழுத்தறியாத உழவனுக்கும் அது மனப்பாடம்.

அந்தப் பாட்டிலே அவன் கேட்டதென்ன? ஏழைத் தச்சன் மகன் ஒருவன், படித்தவரையும் பணக்காரரையும் ஆட்சியாளரையும் எதிர்த்து நிற்கிறான். அடிக்கிறார்கள், கொல்லுகிறார்கள், ஆனாலும் அவன் தோற்கவில்லை! "பொறுத்திரு" என்று போதிப்பதற்காகத் தரப்பட்ட பாட்டு, "எழுந்திரு" என்று அவன் காதிலே ஒலிக்கத் தொடங்கிற்று. இதை விரிவாக ஆராய்ந்து 'பசியோனும் புரட்சியும்' என்று 1979 இல் ஒரு நூலே எழுதினார் வரலாற்றாசிரியர் ரெனால்டோ இலேத்தோ.

சான்று வேண்டுமா? லுக்பான் என்னும் ஊரிலே பிறந்த அப்போலினாரியோ தெ லா குரூஸ் என்ற இளைஞனைப் பாருங்கள். துறவற சபையிலே சேர விரும்பி மணிலா போனான். "இந்தியோவுக்கு இங்கே இடமில்லை" - கதவு சாத்தப்பட்டது. மருத்துவமனை ஒன்றிலே ஊழியனாக இருந்துகொண்டே, 1832 இல் தன்னவர்களுக்கென்று ஒரு சங்கம் கண்டான். புனித சூசையப்பர் சங்கம் என்று பெயர். மாதந்தோறும் சிறு சந்தா. மாதந்தோறும் கூடி வழிபாடு, கூடி உணவு. அவ்வளவுதான்! ஆயுதம் உண்டா? இல்லை. சதித்திட்டம் உண்டா? இல்லை. ஆனால் ஏழைகள் ஆயிரக்கணக்கில் தாமே சேர்ந்து, தாமே தலைவனைத் தேர்ந்து கூடுகிறார்களே, அது போதாதா ஆதிக்கம் அஞ்சுவதற்கு? அங்கீகாரம் கேட்டான், மறுத்தார்கள். கூட்டங்களிலே புகுந்து கைது செய்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள் 1841 இல் போரிட்டார்கள். நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். முப்பது வயதுகூட நிரம்பாத அந்த இளைஞனைச் சுட்டுக் கொன்று, உடலைத் துண்டித்து, தலையைக் கம்பத்திலே நட்டு வைத்தார்கள். 'புலே அண்ணன்' என்ற பெயரை அவன் மக்கள் மறக்கவில்லை.

1872 பிப்ரவரி 17. மணிலாவின் பகும்பயான் திடலிலே மூன்று பாதிரிமாரைக் கழுத்தை நெரித்துக் கொன்றது அரசாங்கம். கோமெஸ், புர்கோஸ், சமோரா என்பன அவர்கள் பெயர்கள். உள்நாட்டுக் குருமாருக்கு உரிமை கேட்ட அணியினர் அவர்கள். கவீத்தே நகரில் நடந்த கலகத்தின் பழியை அவர்கள்மீது சுமத்தினார்கள். தம் இரண்டாவது நாவலை அம்மூவருக்கும் காணிக்கையாக்கினார் ஜோஸே ரிசால். அதே திடலிலே 1896 டிசம்பர் 30 அன்று அவரையும் சுட்டுக் கொன்றார்கள். ஆயுதப் புரட்சிக்கு அணி திரட்டிய ஆந்திரேஸ் பொனிபாசியோ, 1895 ஆம் ஆண்டின் புனித வாரத்திலே, ஏசுவின் பாடுகளை மக்கள் நினைத்துருகும் அதே நாட்களில், தோழர்களோடு மலைக்குகை ஒன்றுக்குச் சென்று விடுதலைச் சபதம் ஏற்றார். பகும்பயான் திடலைத்தான் இன்று ரிசால் பூங்கா என்கிறார்கள். அண்மைக் காலத்தில் கருப்பு நசரேனரின் தேர் புறப்படுவதும் அங்கிருந்துதான்!

தொழிலாளத் தோழர்கள் கருத்திலே கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. 1902 இல், அச்சகத் தொழிலாளரிடையே எழுந்த இயக்கத்திலிருந்து, அந்நாட்டின் முதல் தொழிற்சங்கக் கூட்டமைப்பைக் கட்டியவர் இசபெலோ தெ லோஸ் ரெயஸ் என்னும் பத்திரிகையாளர். அதே ஆண்டு ஆகஸ்டு 3 ஆம் நாள், அத்தொழிற்சங்கத்தின் கூட்டத்திலேயே, ரோமாபுரியின் தலைமையை ஏற்காத பிலிப்பைன் சுதந்திரத் திருச்சபையையும் அவர் அறிவித்தார். அதன் தலைவரானவர் புரட்சியிலே பங்குகொண்ட பாதிரியார் கிரெகோரியோ அக்லிப்பாய். கூலி உயர்வு கேட்ட அதே வாய், கோயில் உரிமையும் கேட்டது!

இவையெல்லாம் எரிமலை வெடித்த நாட்கள். அன்றாட வாழ்விலே அந்த பக்தி என்ன செய்கிறது? ஊர் ஊருக்கு ஒரு பாதுகாவலர், ஆண்டுக்கொரு திருவிழா. புலே அண்ணன் பிறந்த அதே லுக்பானிலே, மே 15 அன்று, உழவரின் காவலரான புனித இசிதோருக்கு விழா. வீட்டு முகப்பிலெல்லாம் நெற்கதிரும் காய்கனியும் தொங்கும். அரிசி மாவிலே இலை வடிவில் செய்து வண்ணம் ஏற்றிய 'கிப்பிங்' என்னும் மெல்லிய அப்பளங்கள் சரஞ்சரமாக ஒளிவிடும். தேவதூதரைவிட அங்கே அலங்காரம் பெறுவது உழவனின் விளைச்சல்தான்! திருவிழா நாளிலே கதவு திறந்தே இருக்கும். அறிமுகமில்லாதவன் வந்தாலும் இலை போடுவார்கள்.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடியுமுன்பே பூசை. 'சிம்பாங் காபி' என்பார்கள். ஏன் அந்த நேரம்? வயலுக்குப் போகும் உழவன், போகுமுன் வந்து செல்லட்டும் என்றுதான் என்கிறார்கள். நேரத்தை நிர்ணயித்தது குருவின் வசதியல்ல, கூலிக்காரனின் கடிகாரம்! பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலே அடுப்பு எரியும். வாழையிலையிலே வெந்த அரிசிப் பணியாரம் மணக்கும். குளிருக்கு இதமாக அதை வாங்கித் தின்றபடியே ஊர்க்கதை பேசுகிறார்கள். யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் காய்ச்சல், யார் மகள் வெளிநாடு போகிறாள் - எல்லாம் அங்கே பகிரப்படும். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், ஞானத்தந்தை ஒருவர், ஞானத்தாய் ஒருத்தி. பலரையும் அழைப்பது இன்றைய வழக்கம். பெற்றவனும் ஞானத்தந்தையும் அன்று முதல் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்று அழைப்பர். இரத்தத்தால் வராத உறவு, கடமையால் வருகிறது. ஏழைக்கு ஏது வங்கி, ஏது காப்பீடு? அந்த உறவுதான்!

கடல் கடந்து கூலி தேடிப் போகும் மக்கள் அவர்கள். மணிலாவுக்கு அருகே அந்திப்போலோ என்றோர் ஊர். 1626 இல் மெக்சிகோவிலிருந்து வந்த 'நற்பயண மாதா' அங்கே இருக்கிறாள். பழைய நாளிலே கப்பல்களுக்குத் துணையாக அச்சொரூபத்தையே பசிபிக் கடலிலே பலமுறை கொண்டுபோனார்கள். இன்றோ, கடவுச்சீட்டோடும் கண்ணீரோடும் அங்கே வந்து நிற்கிறாள், வீட்டுவேலைக்குப் போகும் தாய். அவள் போய்ச் சேருமிடம் ஹாங்காங்காக இருக்கலாம். வாரத்திலே ஆறு நாள் அவள் எவர் வீட்டிலோ வேலைக்காரி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, நகரின் நடுவே திடலிலும் நடைபாதையிலும் அட்டையை விரித்து அமர்கிறாள். அங்கே அவள் சகோதரி, தோழி, தலைவி! சம்பளம் தராத எசமானைப் பற்றிய செய்தியும், உதவும் சங்கத்தின் முகவரியும், ஊருக்குப் பணம் அனுப்பும் வழியும் அங்கேதான் கைமாறுகின்றன. ரோமாபுரியிலே, சாந்தா புதென்சியானா என்னும் பழம்பெரும் கோயில் இன்று பிலிப்பைன் தொழிலாளரின் கூடம். 2019 டிசம்பரில், புனித இராயப்பர் பேராலயத்திலேயே, போப் பிரான்சிஸ் அவர்களுக்காக 'சிம்பாங் காபி' பூசை நடத்தினார். சிலுவையைக் கொண்டுவந்து கொடுத்த ஐரோப்பாவின் கோயில்களை, இன்று நிரப்பிக் கொண்டிருப்பது அந்த 'இந்தியோ'க்களின் பேரப்பிள்ளைகள்!

இந்தக் கூட்டுறவின் வலிமையை உலகம் ஒருமுறை கண்ணாரக் கண்டது. 1986 பிப்ரவரி 22. சர்வாதிகாரி மார்க்கோசை எதிர்த்து இராணுவத்தில் ஒரு பகுதி பிரிந்து நின்றது. கர்தினால் சின் வானொலியிலே மக்களை அழைத்தார். எட்சா எனும் பெருஞ்சாலையிலே மக்கள் கடலெனத் திரண்டனர். டாங்கிகள் உறுமி வந்தன. ஜெபமாலையைப் பிடித்தபடி கன்னிகாஸ்திரிகள் முன்னே முழந்தாளிட்டார்கள். சிப்பாயின் கையிலே பூவையும் சோற்றுப் பொட்டலத்தையும் கொடுத்தார்கள் மக்கள். டாங்கி நின்றது. நான்கே நாட்களில், 25 ஆம் நாள், சர்வாதிகாரி நாட்டைவிட்டே பறந்தான். டாங்கியை நிறுத்தியது ஜெபமாலையின் மணியா? ஆண்டாண்டுக் காலமாக ஒன்றாய்ப் பாடி, ஒன்றாய் நடந்து, ஒரே அடுப்பின் பணியாரத்தைப் பகிர்ந்து தின்று பழகிய மக்கள், அன்றும் ஒன்றாய் அமர்ந்தார்கள். கலைந்து ஓடவில்லை. அந்தப் பழக்கம்தான் டாங்கியை நிறுத்திற்று!

ஆனால் தோழர்களே, இத்துடன் முடித்துவிட்டால் உண்மைக்குத் துரோகம் செய்தவர்களாவோம். அடுத்த ஆண்டு, 1987 ஜனவரி 22. நிலம் கேட்டு ஊர்வலமாய் வந்த உழவர்கள்மீது, மணிலாவின் மெண்டியோலா பாலத்தருகே துப்பாக்கிகள் முழங்கின. பத்துப் பேருக்கு மேல் பிணமானார்கள். மார்க்கோஸ் போய் ஓராண்டுகூட ஆகவில்லை. மக்கள் ஆட்சி என்று கொண்டாடிய ஆட்சியிலேயே அது நடந்தது. சர்வாதிகாரியை விரட்ட ஒன்றுகூடிய நகரம், உழவனுக்கு நிலம் வாங்கித் தர அதே அளவுக்கு ஒன்றுகூடவில்லை. திருவிழாவிலே பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே பந்தியிலே அமரலாம்; மறுநாள் காலை வயல் யாருடையது என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. விழாச் செலவுக்குக் கடன் வாங்கியவனுக்கு வட்டியும் நிற்கிறது. தெற்கே, மிண்டனாவின் முஸ்லிம் மக்களுக்கு அந்த மணியோசை உறவின் ஓசையாக ஒலித்ததில்லை என்பதையும் மறைக்க முடியாது.

அதற்காக, ஆயர் சொன்னதற்கெல்லாம் ஆடும் பொம்மைகள் அந்த மக்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 2012 இல் குடும்ப நலச் சட்டம் வந்தபோது, ஏழைப் பெண்ணுக்குக் கருத்தடை வசதி கூடாது என்று ஆயர்கள் ஓங்கி முழங்கினார்கள். சட்டம் நிறைவேறிற்று. 2020 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 79 பேர் கத்தோலிக்கராக உள்ள நாட்டிலே நிறைவேறிற்று! வடத்தைப் பிடிப்பேன், வாழ்க்கையை நானே முடிவு செய்வேன் என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே, அந்நாட்டுப் பாமர மக்களின் பக்தியைக் கண்டு கைகொட்டிச் சிரிப்பவன், புலே அண்ணனை அறியாதவன். அதைக் கண்டு கண்மூடிக் கைகூப்புபவன், மெண்டியோலாவை அறியாதவன். மக்களை ஒன்று சேர்ப்பது மேடைப் பேச்சு மட்டுமல்ல. தன் மொழியிலே பாட்டு. தன் உழைப்பின் நேரத்துக்கேற்ற கூட்டம். தன் காசிலே நடக்கும் விழா. துன்பத்திலே பெயர் சொல்லி அழைக்க ஓர் உறவு - இவை நான்கும் இருந்தால், ஏழாயிரம் தீவுகளும் ஒரே ஊராகும். பிலிப்பைன் ஏழை அதை ஆதிக்கக்காரன் தந்த சிலுவையைக் கொண்டே செய்து காட்டினான்.

அந்தக் கைகளுக்கு வலிமை உண்டு. அதை வரலாறு பார்த்துவிட்டது. தேரை இருபது மணி நேரம் இழுக்கும் அந்தக் கைகளுக்கு, உழும் நிலம் எப்போது சொந்தமாகும்? கடல் கடக்காமலே கஞ்சி குடிக்கும் நாள் எப்போது வரும்? அந்தக் கேள்விக்கு, தேரின் மேலே இருப்பவர் விடை சொல்லப் போவதில்லை. வடத்தைப் பிடித்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்!